பாட்டியின் கால் மெஷினை 'கை மெஷின்' ஆக்க முடியுமா? தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய தையல் மெஷினுக்கு இப்போதெல்லாம் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். இரும்பு ஸ்டாண்ட் ஏதோ ஒரு கஃபேயில் டேபிள் ஆகிவிடும். மேலே இருக்கும் மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

ஏன் என்று கேட்டால், "மெஷின் நல்லாத்தான் இருக்கு. பாட்டிக்கு மூட்டு வலி, மிதிக்க முடியல" என்பார்கள். இல்லையென்றால், "ஃபிளாட்ல ஸ்டாண்ட் வைக்க இடமில்ல." அதாவது, மெஷினில் எந்தப் பழுதும் இல்லை. ஓட்டும் முறைதான் சிக்கல். அதை மட்டும் மாற்றிக்கொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது: கைப்பிடி.

கைப்பிடி எப்படி வேலை செய்கிறது?

கால் மெஷினில் பெடலை மிதித்தால் கீழே உள்ள பெரிய சக்கரம் சுற்றும். அந்தச் சுற்று தோல் பெல்ட் வழியாக மேலே வலது ஓரத்தில் உள்ள வீலுக்கு வரும். அந்த வீல் ஒருமுறை சுற்றினால் ஒரு தையல்.

கை மெஷினில் பெல்ட்டுக்குப் பதில் பற்சக்கரங்கள். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் வீல் பொதுவாக மூன்று முறை சுற்றும். எனவே நினைப்பது போல அவ்வளவு மெதுவாகவும் இருக்காது. கரண்ட் தேவையில்லை, கால் தேவையில்லை.

எல்லா மெஷினுக்கும் பொருந்துமா?

இல்லை. ஃபோன் டார்ச்சை ஆன் செய்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. வீல்: சைக்கிள் சக்கரத்துக்கு இருப்பது போல நடுவில் கம்பிகளும் இடைவெளியும் இருக்க வேண்டும். கைப்பிடியில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, அந்த இடைவெளிக்குள் போய்த்தான் வீலைச் சுற்றும். வீல் தட்டு மாதிரி மூடியிருந்தால், முதலில் வீலை மாற்ற வேண்டும்.

2. போல்ட் துளை: வீலுக்குக் கீழே, மெஷினின் தூண் பகுதியில் சற்றுப் புடைத்த இடத்தில் மரை போட்ட துளை இருக்கும். மோட்டார் மாட்டும் இடமும் அதுதான். கைப்பிடியும் அங்கேதான் உட்காரும். துளை இல்லாவிட்டால் நீங்களே டிரில் போட வேண்டாம். அது வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் ஒட்ட வைப்பது கஷ்டம்.

3. மாடல்: சிங்கர் 15-91, 201-2 போன்றவற்றில் மோட்டார் உள்ளேயே பற்சக்கரத்தோடு பிணைந்திருக்கும். அவற்றை விட்டுவிடலாம். நம்மூர் வீடுகளில் இருக்கும் கறுப்பு மெஷின்கள் பலவும் சிங்கர் 15 வகை அமைப்பைப் பின்பற்றியவை. அதனால் கம்பெனி வேறாக இருந்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் பெரும்பாலும் பொருந்தும்.

மாற்றுவது எப்படி?

மோட்டார் மாட்டிய மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரையும் அதன் பெல்ட்டையும் கழற்றுங்கள். பழைய மோட்டார்களில் வயரின் மேலுறை நொறுங்கியிருக்க வாய்ப்புண்டு, கவனம்.

கால் மெஷின் என்றால் பெல்ட்டை எடுத்துவிட்டு மெஷினைப் பின்பக்கமாகச் சாய்க்கவும். கீல் இருக்கும் இடத்தில் இரண்டு சிறிய திருகுகள் தெரியும். அவற்றைத் தளர்த்தினால் மெஷின் தனியாக வந்துவிடும். பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மரப்பெட்டி. மெஷினின் அடியில் தண்டுகள் அசைவதால் அதைச் சும்மா டேபிள் மேல் வைக்க முடியாது. முழு அளவு மெஷினின் அடித்தட்டு சுமார் 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். அளவெடுத்துக் கொடுத்தால் ஆசாரியே பெட்டி செய்து தந்துவிடுவார்.

வீலை மாற்ற வேண்டியிருந்தால், அதன் நடுவில் உள்ள வட்டத் திருகைக் கழற்ற வேண்டும். உள்ளே காதுகள் வைத்த ஒரு வாஷர் இருக்கும். கழற்றும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டிய பிறகு வீல் மட்டும் சுற்றி ஊசி அசையவில்லை என்றால், வாஷரை அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கடைசியில் கைப்பிடியை போல்ட் போட்டு முடுக்கி, அதன் விரலை வீல் இடைவெளிக்குள் தள்ளினால் வேலை முடிந்தது.

முதல் டெஸ்ட்

நூல் கோக்காமல், ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துச் சுற்றுங்கள். வீலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். முன்பு யாராவது ஊற்றிய தேங்காய் எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருக்கலாம். தையல் மெஷின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி முயலுங்கள்.

யாருக்கு செட் ஆகும்?

வலது கை கைப்பிடியில் இருப்பதால் துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது போன்ற நீளத் தையலில் கை ஓய்ந்துவிடும். ஆர்டர் எடுத்துத் தைப்பவர்களுக்கு பெடலோ மோட்டாரோதான் சரி. ஆனால் பட்டன் கழன்ற இடம், கிழிந்த பாக்கெட், தலையணை உறை போன்ற வேலைகளுக்கும், புதிதாகப் பழகுபவர்களுக்கும் இது வசதி. ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போடலாம். தோள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் மட்டும் வாங்கும் முன் ஒரு கை மெஷினைச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றிய பெல்ட், வீல், திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எதையும் வெட்டவோ துளைக்கவோ இல்லை என்பதால், எப்போது வேண்டுமானாலும் மெஷினைப் பழையபடி ஸ்டாண்டில் ஏற்றிவிடலாம். அதுவரைக்கும் அந்த ஸ்டாண்டை கஃபேக்குக் கொடுத்துவிடாதீர்கள்!