கணிப்பொறிகளின் பொது நினைவு



பெரியதொரு கணக்கைச் செய்து முடிக்கப் பதினாறு கணிப்பொறிகளைக் கம்பிகளால் பிணைத்து ஓர் அறையில் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதனைக் கணிப்பொறித் தொகுதி என்பர். இவற்றுள் ஒரு பொறியின் நினைவகம் நிரம்பிவிட்டது. அண்டைப் பொறியிலோ பாதியிடம் வெறுமனே கிடக்கிறது. அந்த இடத்தை இந்தப் பொறி பயன்படுத்திக்கொள்ள இயலாதா?

இவ்வினாவுக்கு விடை காண உதவிய கருத்து சற்றுப் பழையது. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணி தொடங்கிய அட்லஸ் என்னும் பொறி, தன் நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பகுத்துக்கொண்டது. வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லையெனில், காந்த உருளையிலிருந்து அதனைத் தானே கொணர்ந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கை லீ என்பார், 1986-இல் அளித்த தம் ஆய்வேட்டில் இக்கருத்தை மேலும் விரித்தார். இல்லாத பக்கத்தை அடுத்த பொறியின் நினைவகத்திலிருந்தே கொணரலாம் என்றார். அவர் அமைத்த 'ஐவி' என்னும் முறையில், தனித்தனி நினைவகங்கள் யாவும் நிரல் எழுதுவோர்க்கு ஒரே நினைவகமாகத் தோன்றின.

ஆயினும், இங்கே ஓர் இடர் உண்டு. மாணவர் விடுதி ஒன்றின் களஞ்சியக் கணக்கை இருவர் தனித்தனிப் படியாக வைத்திருக்கின்றனர் என்போம். ஒருவர் இரண்டு மூட்டை அரிசியைச் செலவெழுதுகிறார். மற்றவர் தம் பழைய படியைப் பார்த்து, அரிசி இருப்பதாகவே கருதுகிறார். கணிப்பொறிகளிலும் இவ்வாறு நேர்ந்தால் விடை பிழைபடும். பிழைபட்டதை எவரும் அறியார்.

ஆகவே ஒரு விதி வகுத்தனர். ஒரு பக்கத்தைப் படிக்க மட்டும் விரும்பும் பொறிகள் எத்தனை படிகளையும் வைத்துக்கொள்ளலாம். எழுத விரும்பும் பொறியோ, முதலில் பிற படிகளையெல்லாம் செல்லாதவையாக்கிவிட வேண்டும். அதன் பின்னரே எழுதலாம்.

இவ்விதியால் உண்மை காக்கப்படுகிறது. ஆனால் காலம் செலவாகிறது. தன் நினைவகத்தை ஒரு பொறி எட்டுவதற்கு ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். விரைவான இணைப்பின் வழியே அடுத்த பொறியை எட்டவும் சில மைக்ரோ விநாடிகள் ஆகின்றன. சுழலும் வட்டைவிட இது மிக விரைவானது. சொந்த நினைவகத்தைவிடவோ பன்மடங்கு மெதுவானது. மேலும், ஒரே பக்கத்தின் வெவ்வேறு வரிகளில் இரு பொறிகள் இடைவிடாது எழுதுமானால், அப்பக்கம் அவற்றிடையே பந்துபோல் அலைந்துகொண்டே இருக்கும்.

ரைஸ் பல்கலைக்கழகத்தார் 1990-களில் அமைத்த 'டிரெட்மார்க்ஸ்' இதற்கு ஒரு பரிகாரம் கண்டது. ஒவ்வொரு பொறியும் தன் படியில் எழுதிக்கொள்ளும். குறித்த கட்டங்களில் மாற்றங்களை மட்டும் பரிமாறி ஒன்றுசேர்க்கும்.

எனவே, நினைவகம் பொதுவாயிருப்பினும், ஒவ்வொரு பொறியும் அடிக்கடி நாடும் செய்தியை அதன் அருகிலேயே வைத்து நிரல் எழுதுவதே அறிவுடைமை. தொகுதியின் முழுப்பயனையும் அப்போதே நாம் பெறுவோம்.