ஆர்கன் எண்ணெய்

ஆர்கன் எண்ணெய் என்பது ஆர்கன் மரத்தின் கொட்டையிலுள்ள பருப்பிலிருந்து எடுக்கப்படும் தாவர எண்ணெய் ஆகும். இம்மரம் வட ஆப்பிரிக்காவில், குறிப்பாக மொரோக்கோவின் தென்மேற்குப் பகுதியில் இயற்கையாக வளர்கிறது. அகாதிர், எஸ்ஸவுயிரா, தாரூடண்ட் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகள் இதற்குப் பெயர் பெற்றவை. நம் ஊர் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்துள்ள சப்போட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்ததே ஆர்கன் மரமும்.

மரம்

முட்கள் நிறைந்த இம்மரம் வறட்சியைத் தாங்கி நெடுங்காலம் வாழும். ஆழமாகச் செல்லும் இதன் வேர்கள் மண் அரிப்பைத் தடுக்கின்றன. சகாரா பாலைவனம் பரவாமல் காக்கவும் இம்மரக் காடுகள் உதவுகின்றன. ஆடுகள் கிளைகளில் ஏறி இலையையும் பழத்தையும் மேய்வது இப்பகுதியின் புகழ்பெற்ற காட்சியாகும். அவை அசைபோடும்போது துப்பும் கொட்டைகளைச் சேகரிப்பதும் உண்டு.

தயாரிக்கும் முறை

எண்ணெய் எடுப்பது அமாசிக் இனப் பெண்களின் மரபுத்தொழில். தாயிடமிருந்து மகள் இதைக் கற்றுக்கொள்கிறாள். வேலை பின்வரும் வரிசையில் நடைபெறுகிறது.

1. கோடையில் பழுத்து உதிரும் பழங்களைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துவர்.
2. காய்ந்த சதையை நீக்கிக் கொட்டையைப் பிரிப்பர். சதை கால்நடைக்குத் தீவனமாகும்.
3. கொட்டையை ஒரு கல்லின் மேல் நிறுத்தி, மற்றொரு கல்லால் உடைப்பர். ஓடு மிகக் கடினமானது. உள்ளே ஒன்று முதல் மூன்று பருப்புகளே இருக்கும். இன்றும் இது பெரும்பாலும் கைவேலைதான்.
4. சமையல் எண்ணெய்க்குப் பருப்பை இளஞ்சூட்டில் வறுப்பர். அழகுப் பொருள்களுக்கு வறுப்பதில்லை.
5. பருப்பைக் கல் திருகையில் அரைத்து விழுதாக்குவர்.
6. விழுதில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கையால் பிசைவர். விழுது இறுக இறுக எண்ணெய் பிரிந்து வரும்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு தேவைப்படும். அவ்வளவு பருப்பைச் சேர்க்கப் பல மணி நேரம் கொட்டை உடைக்க வேண்டும். நீர் சேர்த்துப் பிசைந்த எண்ணெய் விரைவில் கெடும் என்பதால், விற்பனைக்குரிய எண்ணெய் இப்போது பெரும்பாலும் இயந்திரத்தில் பிழியப்படுகிறது.

அன்றாடப் பயன்கள்

வறுத்த பருப்பின் எண்ணெய் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளவும், கூஸ்கூஸ் உணவின் மேல் ஊற்றவும் பயன்படுகிறது. அரைத்த பாதாம், தேன், ஆர்கன் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து செய்யும் 'அம்லு' காலை உணவிலும் விருந்தோம்பலிலும் இடம்பெறும். வறுக்காத எண்ணெயைத் தலைமுடிக்கும் வறண்ட தோலுக்கும் தடவுவர். பிண்ணாக்கு மாட்டுக்கு உணவாகிறது. ஓடு அடுப்பில் எரிகிறது. எனவே, பழத்தில் எதுவும் வீணாவதில்லை.

சிறப்பும் சிக்கலும்

ஆர்கன் காட்டுப் பகுதியை யுனெஸ்கோ 1998-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆர்கன் சார்ந்த மரபறிவு 2014-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021-இல் மே 10-ஆம் நாளை உலக ஆர்கன் நாளாக அறிவித்தது.

1990-களில் தொடங்கிய மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமப் பெண்களுக்குச் சொந்த வருமானத்தைத் தந்தன. சில சங்கங்கள் எழுத்தறிவு வகுப்புகளும் நடத்தின. உலகச் சந்தையில் தேவை கூடியபோது விலையும் உயர்ந்தது. ஆனால் அந்த விலையின் பெரும்பங்கு கொட்டை உடைக்கும் கைகளுக்குச் சென்று சேர்வதில்லை. தொடர் வறட்சி, அளவுமீறிய மேய்ச்சல், மரம் வெட்டுதல் ஆகியவற்றால் காடும் சுருங்கி வருகிறது. மரம் குறைந்தால் எண்ணெய் மட்டுமன்றி, அதை நம்பியுள்ள குடும்பங்களின் வாழ்வும் நிலத்தின் பாதுகாப்பும் சேர்ந்தே குறையும்.