வீட்டில் பீர் காய்ச்சலாமா? புதுக்கோட்டைக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது சட்டத்தை

ஒரு பெரிய பாத்திரம், ஒரு வலைத்துணிப் பை, கொஞ்சம் முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே பீர் தயார் என்று சொல்லும் காணொலிகள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் சொல்லப்படும் செய்முறையில் பொய் இல்லை. அதை அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ உட்கார்ந்து பார்ப்பவர், காணொலி எடுக்கப்பட்ட ஊரின் சட்டம்தான் தன் ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, காணொலியைப் பார்த்துக் குக்கரில் காய்ச்சியவர்கள் கைதான செய்திகள் தமிழகமெங்கும் வந்தன. 2019 கிறிஸ்துமஸுக்கு முன், வீட்டில் ஒயின் போடுவதும் குற்றமே என்று கேரளக் கலால் துறை எச்சரித்தபோது அங்கே பலர் திடுக்கிட்டார்கள். அந்தச் சட்டம் அன்று புதிதாக வந்ததல்ல; அதுவரை யாரும் படிக்காமல் இருந்தது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் ஒரு லிட்டர் பீர்கூட வீட்டில் காய்ச்சக் கூடாது. சொந்தக் குடிக்கு என்றாலும் கூடாது.

இங்கே நடைமுறையில் இருப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த அந்தச் சட்டம் இடையிடையே தளர்ந்தும் இறுகியும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அது 'மது' என்று வரையறுப்பதில் கள், சாராயம், ஒயினோடு பீரும் பெயர் சொல்லியே அடங்குகிறது. ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் தப்பாது. 'தயாரித்தல்' என்பதற்கும் அதே அகலம்: இயற்கையாக நடந்தாலும் செயற்கையாக நடந்தாலும், புளித்துப் போதை தரும் திரவம் உருவாகும் ஒவ்வொரு செயலும் தயாரித்தல்தான். காய்ச்சி வடித்தால்தான் குற்றம், புளிக்கவைத்தால் குற்றமில்லை என்று பேசுகிறவர்கள் இந்த வரையறையை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். சட்டத்தின் 4-ஆவது பிரிவு தயாரிப்பதோடு நிற்கவில்லை. தயாரிப்பதற்கென்று பொருளும் பாத்திரமும் வைத்திருப்பதும் குற்றம். தன் பொறுப்பில் உள்ள இடத்தில் இன்னொருவர் இதைச் செய்ய விட்டுவிடுவதும் குற்றம். மாடி அறையை வாடகைக்கு விட்டவர், மகன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்காத பெற்றோர், விடுதி நடத்துபவர் ஆகிய எல்லோரும் இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள்.

செய்முறையோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பார்லியைப் பையிலிட்டு, ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, மிஞ்சிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸோடு கொதிக்கவிட வேண்டும். அதுவரை அந்தப் பாத்திரத்தில் ஆல்கஹால் துளியும் இல்லை. ஆறவைத்து ஈஸ்ட்டைப் போட்டபின் சர்க்கரை ஆல்கஹாலாக மாறத் தொடங்கும். அந்த நிமிடம் தயாரிப்பு தொடங்கிவிட்டது. ஈஸ்ட் போடாதவரை பத்திரம் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். பீருக்காகவே சேர்த்துவைத்த கருவிகள் என்று தெரிந்தால் அதற்கு முன்பே 4-ஆவது பிரிவு வந்து நிற்கும். பார்லியும் ரொட்டி ஈஸ்ட்டும் மளிகைக் கடையில் கிடைக்கின்றனவே, ஆன்லைனில் பெட்டியாகவே விற்கிறார்களே என்ற வாதமும் செல்லாது. பொருளை விற்க அனுமதி இருப்பதால் அதைக் கொண்டு எதையும் செய்ய அனுமதி வந்துவிடாது. விற்றவர் உங்களுக்காக நீதிமன்றத்தில் வந்து நிற்கப்போவதும் இல்லை.

'இது கள்ளச்சாராயம் அல்லவே, யாரும் சாக மாட்டார்களே' என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைக் குடித்தது தொழிற்சாலை மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தானியத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் பீரில் மெத்தனால் அந்த அளவுக்கு உருவாவதில்லை. ஆனால் அந்த ஆபத்து இல்லை என்பதால் எந்த ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. புளித்து முடியாத பீரை மூடி இறுக்கிய கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பாயும். ஈஸ்ட் விரும்புவது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. நம் கோடையில் அது தாறுமாறாகப் புளித்துத் தலையைப் பிளக்கும் சரக்காகும். பீரில் தொடங்கியவர் அடுத்து 'வடித்துப் பார்க்கலாம்' என்று இறங்குவது இன்னும் பெரிய அபாயம். கள்ளக்குறிச்சிக்குப் பின் 2024-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பழைய அபராதத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு 'கட்டிவிட்டு வரலாம்' என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'அரசே டாஸ்மாக் நடத்துகிறது, எனக்கு மட்டும் தடையா?' என்று கேட்பதில் நியாயமான எரிச்சல் இருக்கிறது. ஆனால் டாஸ்மாக் கடையும் இதே சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற விலக்குதான். மதுவகைகளை முறைப்படுத்தும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மது வணிகம் அடிப்படை உரிமை அல்ல என்று 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1978-இல் சட்டம் இயற்றி வீட்டு பீருக்கு வழிவிட்டார்கள். பிரிட்டனில் 1963-லேயே உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. மேகாலயாவில் 2020-இல் வீட்டுப் பழ ஒயினுக்கு உரிமம் தர அரசு முடிவெடுத்தது. அங்கெல்லாம் மக்கள் கேட்டார்கள், அரசு விதியை மாற்றியது. தமிழ்நாட்டில் இருப்பவை 1983-ஆம் ஆண்டின் பீர் ஆலை விதிகள் போன்ற, தொழிற்சாலைக்கான விதிகள். வீட்டுக்காரருக்கு அவற்றில் இடமில்லை. பெங்களூரில் சிறு பீர் ஆலைகள் நடக்கின்றனவே என்பவர்கள், அவை உரிமம் பெற்ற வணிக நிறுவனங்கள் என்பதை மறக்கிறார்கள்.

விதி மாற வேண்டும் என்று கருதுகிறவருக்கு வழி இருக்கிறது. அது காகிதத்தில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் கீழ், சென்னை எழிலகத்திலுள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் தயாரிக்க எந்த விதியின் கீழாவது அனுமதி உண்டா, இருந்தால் விண்ணப்பப் படிவம் எது, அந்த விதியின் நகல் எங்கே என மூன்று கேள்விகள் போதும். 'ஏன் தரவில்லை' என்று வாதம் செய்யாதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். கொள்கை மாற்றம் கோரும் மனுவைப் புதுக்கோட்டை ஆட்சியரகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் கைக்கு வரும்வரை காய்ச்சாதீர்கள். மனு போட்டிருப்பது அனுமதி ஆகாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கும் உரிமைகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவுப்படி, சோதனையும் கைப்பற்றலும் காணொலியாகப் பதிவாக வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் உள்ளது உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் மறுக்கலாம், மறுக்க வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், உறவினருக்குத் தெரிவிப்பதும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதும் காவல்துறையின் கடமை, தயவு அல்ல. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-இல் அழைக்கலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியலினத்தவர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. 'பேசி முடித்துவிடலாம்' என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போனால் பணமும் போகும், வழக்கும் இருக்கும். முன்பு காய்ச்சும் தொழிலில் இருந்து விலகியவர்கள், அரசின் மறுவாழ்வு நிதிக்கு ஆட்சியரகத்தில் விண்ணப்பிக்கலாம்.

அக்கம்பக்கத்தில் சாராய ஊறல் போடுவது தெரிந்தால், 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். எதைக் குடித்திருந்தாலும் சரி, கண் மங்கினாலோ வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ போதை என்று படுக்கவைக்காதீர்கள். மெத்தனாலின் அறிகுறி அரை நாளுக்கு மேல் கழித்தும் வரலாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வழக்குக்கு அஞ்சி மறைத்த மணி நேரங்களில்தான் பார்வையும் உயிரும் போகின்றன. கடைசியாகத் துறைக்கு ஒரு வார்த்தை. சட்டம் இத்தனை கடுமையாக இருக்கும்போது, 'வீட்டில் பீரும் ஒயினும் தயாரிப்பது குற்றம்' என்று எளிய தமிழில் ஒரு அறிவிப்பை ஒவ்வொரு டாஸ்மாக் கடையிலும் கல்லூரி வாசலிலும் ஒட்ட என்ன தடை? ஊறலை அழித்துப் படம் எடுத்து வெளியிட நேரம் இருக்கிறவர்களுக்கு, ஊறல் போடும் முன்பே சொல்லிவைக்கவும் நேரம் இருக்க வேண்டும்.