பூங்காவுக்கு மேலே நிற்கும் இரும்பு

லீவு நாளில் மதுரைத் திருநகரிலிருந்து வைகை அணைக்குக் கிளம்பும் வேனில் புளியோதரைத் தூக்குவாளியும் பிள்ளைகளின் பந்தும் இருக்கும். பூங்கா, ஊஞ்சல், இரு கரையையும் சேர்க்கும் தரைப்பாலம், அண்ணாந்து பார்த்தால் அணைச்சுவர். "காமராசர் திறந்து வச்சது, அசையாது" என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். 1959-இல் திறந்த அந்தச் சுவரை நானும் நம்புகிறேன். எனக்குப் பயம் ஷட்டரை நினைத்துத்தான்.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணை நிறைந்திருந்தபோது முதல் ஷட்டர் உடைந்தது. அதுவும் காமராசர் காலத்து அணை, அங்கும் பூங்கா உண்டு. 2022 செப்டம்பரில் ஓர் அதிகாலை, தமிழக அரசு பராமரிக்கும் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று அறுந்து விழுந்தது. தேக்கிய தண்ணீர் சாலக்குடி ஆற்றில் போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திராவின் 33 ஷட்டர்களில் 19-வது, சங்கிலி அறுந்து போய்விட்டது. மூன்று இடத்திலும் சுவர் அப்படியே நின்றது.

கல்லும் காரையும் மெல்ல மூப்படையும். இரும்பு அப்படியல்ல. துருப்பிடிக்கும், ரப்பர் சீல் வெடிக்கும், கிரீஸ் காய்ந்து இறுகும். வைகை தன் முழு மட்டமான 71 அடியைத் தொடாத ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் மேல்மட்ட இரும்பு வெயிலில் சும்மா நின்றுவிட்டு, ஒரு ஐப்பசி இரவில் முழு பாரத்தையும் திடீரென்று வாங்க வேண்டியிருக்கும். வைகை ஷட்டர்கள் பழுது என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றி இறக்கிப் பார்க்காமல் நல்ல ஷட்டர் எது, கெட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறேன்.

66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது என்று அறிவிப்புக்கு ஒழுங்கான கணக்கு இருக்கிறது. ஆனால் சங்கிலி சொல்லிவிட்டு அறுவதில்லை. அந்த நேரத்தில் தரைப்பாலத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஓட எத்தனை நிமிடம் கிடைக்கும்?

திருநகருக்கு வெள்ளம் வராது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. உடைந்த ஷட்டருக்குப் பதில் புதிதை மாட்ட, பொதுவாகத் தண்ணீரை ஷட்டரின் அடிமட்டம் வரை இறக்க வேண்டியிருக்கும். துங்கபத்திராவில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தற்காலிகத் தகடுகளை இறக்கினார்கள். அதற்கும் ஒரு வாரம் ஆனது. இங்கே இறங்கும் ஒவ்வோர் அடியும் மதுரையின் குடிநீர், நிலையூர்க் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர்.

2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. அவசரகாலத் திட்டம் கேட்கிறது. பெரிய அணைகளுக்கு முதல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டை, சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 30. வைகை அணையின் ஆய்வறிக்கையை, எந்த ஷட்டரை எந்தத் தேதியில் ஏற்றி இறக்கினார்கள் என்ற விவரத்தோடு, பூங்கா நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலேயே தமிழில் ஒட்டி வைக்க வேண்டும்.