பந்தி வாசலில் ஒரு காவல்காரர்

மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் குறைக்க தினமும் அதிமதுரப் பொடி சாப்பிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தொப்பையோ தூக்கமின்மையோ, எதற்கும் கார்டிசாலைக் கைகாட்டிப் பொடி விற்பதுதான் இப்போதைய வியாபாரம். கார்டிசால் அடியோடு வற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதை விளம்பரம் சொல்லாது. அது போகட்டும், அதிமதுரத்துக்கு வருவோம்.

     

அது செய்யும் வேலை புரிய, முதலில் சிறுநீரகத்தை எட்டிப் பார்க்க வேண்டும். ஏற்பி உள்ள செல் மட்டுமே ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் என்று படித்திருப்போம். சிறுநீரகத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. 'உப்பை வெளியே விடாதே' என்று சொல்லும் ஆல்டோஸ்டீரோனுக்கான ஏற்பி, கார்டிசாலையும் அதே இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும். ரத்தத்திலோ கார்டிசால் நூறு மடங்குக்கும் மேல்!

அந்த ஏற்பி, ஆல்டோஸ்டீரோன் என்ற சம்பந்திக்குப் போட்ட ஒற்றை இலை. பந்தி வாசலில் கார்டிசால் ஊராகத் திரண்டு நிற்கிறது. அங்கே ஒரு காவல்காரர்: 11-பீட்டா-எச்.எஸ்.டி.2 என்ற நொதி. உள்ளே வரும் ஒவ்வொரு கார்டிசாலின் வேட்டியையும், அதாவது இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை, உருவிவிடுகிறார். அது கார்டிசோன் ஆகிவிடும். இனி இலையில் உட்கார முடியாது. சம்பந்தியிடம் இது பலிக்காது. ஆல்டோஸ்டீரோன் தன் மூலக்கூறில் அதே இடத்தை வளைத்து முடிச்சுப் போட்டிருக்கிறது, பெல்ட் கட்டிய வேட்டி மாதிரி. விரட்டப்பட்டவருக்குக் கல்லீரல் புது வேட்டி கொடுத்து மறுபடி கார்டிசாலாக்கி அனுப்புகிறது என்பது தனி வேடிக்கை.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், குடலில் உருமாறி ரத்தத்தில் கலந்து இந்தக் காவல்காரரைக் கட்டிப்போடுகிறது. கார்டிசால் குறைவதில்லை, சிறுநீரகத்தில் அதன் ஆட்டம்தான் கூடுகிறது. உப்பும் நீரும் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரோடு போகும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் தசை தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். பரிசோதித்தால் ஆல்டோஸ்டீரோன் குறைவாக இருக்கும்! வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது நோயாளிகளுக்கு உடல் வீங்கியதை 1940-களிலேயே நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் கவனித்துவிட்டார்.

தொண்டைக் கரகரப்புக்கு எப்போதோ ஒரு துண்டு மெல்வது வேறு. மாதக்கணக்கில் கரண்டி கரண்டியாகப் பொடி சாப்பிடுவது வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் அதிமதுரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.