செய்து கற்கும் கல்வி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் எழுதுபொருள் கடைகளில் மாலை வேளைகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய 'பிராஜெக்ட்'டுக்காகத் தகப்பனார் அட்டையும் படங்களும் வாங்குகிறார், இரவில் தாயார் வெட்டி ஒட்டுகிறார், பிள்ளை உறங்குகிறது. மார்க் மட்டும் பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது. இதைக் கல்வியென்று நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

முறையில் குற்றமில்லை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-லேயே இதை விளக்கி எழுதினார். 1937-ல் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய மகாநாடு, கைத்தொழிலை நடுவில் வைத்தே கல்வி அமைய வேண்டுமென்றது. தமிழ்நாட்டு சர்க்காரும் 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைப் புகுத்தியபோது, நூற்றுக்கு 40 மார்க்கைச் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்கும் ஒதுக்கிற்று.

மெய்யான செயலுக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது: 24 அடி ஆழம், 364.5 கோடி கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பரில் அதன் உபரி நீர் பாய்ந்த அடையாற்றின் கரையோர ஜனங்கள் பட்ட பாட்டை நாடறியும். பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் மழைமானி வைத்து ஒரு பருவம் முழுதும் அளந்து குறிக்கட்டும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் 3,630 கன அடி நீர் என்பதைத் தாமே கணக்கிடட்டும். தம் தெருக் கால்வாய் எங்கே போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்துப் படம் வரையட்டும். கணிதமும் பூகோளமும் குடிமைப் பயிற்சியும் இதில் ஒருங்கே அடங்கும்.

அலட்சியம் செய்யத்தகாத ஆட்சேபம் ஒன்றுண்டு. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகுமாறு கொணர்ந்த திட்டத்தைக் குலக்கல்வியென்று ஜனங்கள் எதிர்த்தனர். 1954-ல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது நியாயமே. ஆனால் கைவேலை வேறு, குலவேலை வேறு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மழைமானியை வாசிப்பதில் மேல் கீழ் இல்லை. பிராஜெக்டை வீட்டுக்கு அனுப்பும்போதுதான் பேதம் பின்வாசல் வழியாக நுழைகிறது. பணமுள்ள வீட்டுப் பிள்ளை பளபளக்கும் மாதிரியோடு வருகிறது. தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளியின் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறது.

ஆகவே, செயல் வேலை யாவும் பள்ளி நேரத்திலேயே நடைபெற வேண்டும். பருவத்துக்கு ஒன்று போதும். அழகுக்கு மார்க் வேண்டாம்; பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேட்டுக்கே மார்க் கொடுக்க வேண்டும். இதற்கு வேண்டிய அவகாசத்தை உபாத்தியாயர்களுக்கு அளிப்பது கல்வி இலாகாவின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது பெற்றோராகிய நம் கடமை.