மகளுக்கு எந்தப் பட்டம்?

மேற்குத் தாம்பரத்திலிருந்து கணவரை இதயச் சிகிச்சைக்காக அழைத்து வந்திருந்த அம்மையார் ஒருவர், நாள்தோறும் காலையில் வார்டுக்கு வரும் இளம்பெண்ணை மருத்துவர் என்றே எண்ணியிருந்தார். அவர் பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவரின் உதவியாளர் என்று அறிந்ததும், "என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இதற்கு பி.எஸ்சி. போதுமா, எம்.எஸ்சி. வரை படிக்க வேண்டுமா?" என்று எங்களிடம் வினவினார். வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதால் இங்கு எழுதுகிறோம்.

இப்பணி நம் நாட்டில் வேரூன்றியது சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் இதற்கான பயிற்சியைத் தொடங்கினார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டெழுதுதல், உடலைப் பரிசோதித்தல், அறுவை அரங்கில் துணை நிற்றல் ஆகிய யாவும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நடைபெறும். தனித்து மருத்துவம் பார்க்கும் உரிமை இவர்களுக்கு இல்லை, எம்.எஸ்சி. பெற்றாலும் இல்லை. இதை அறியாமல் கடன் வாங்கிப் படிக்க வைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் பெற்றோர் உண்டு.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் மூன்றாண்டு வகுப்புகளும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. பணியில் சேர அதுவே வாயில். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அந்த நான்காம் ஆண்டை எந்த மருத்துவமனையில், எந்தெந்தத் துறைகளில் கழிப்பார்கள் என்று கேளுங்கள். குறுகிய காலச் சான்றிதழ்களை நம்ப வேண்டாம். 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இப்பணியைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அங்கீகாரமும் பதிவும் இனி முக்கியமாகும்.

எம்.எஸ்சி.? சில ஆண்டுகள் பணியாற்றியபின், கற்பிக்கவோ ஒரு துறையில் ஆழ்ந்து பயிலவோ விரும்புவோர் படிக்கலாம் என்பதே எங்கள் கருத்து. வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருக்கும்போது நகையை அடகு வைத்து உடனே தொடர வேண்டியதில்லை. அமெரிக்கக் கனவு உள்ளவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க: 1965-இல் இப்பணி பிறந்த அந்நாட்டில் இன்று முதுநிலைப் பட்டமே நுழைவாயில். ஆனால் அங்குள்ள உரிமத் தேர்வை எழுத, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பே வேண்டும். நம் எம்.எஸ்சி. அதற்கு ஈடாகாது.

மறுநாள் அம்மையார் மகளையே அழைத்து வந்தார். எங்கள் உதவியாளரிடம் அப்பெண் முதலில் கேட்டது, "இரவுப் பணி உண்டா அக்கா?" என்பதே. உண்டு.